காரின் மஞ்சள் விளக்கு

சில ஆண்டுகளுக்கு முன்பு, மார்கழி மாதத்தில் ஒரு நாள் மாலை, மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுக்கு என் காரில் போய்க்கொண்டிருந்தேன். அடையாறு சிக்னலில் வண்டிகள் நின்றன, நானும் நின்றேன். அப்போது என் கண்ணுக்கு நேரே, வேகங்காட்டும் முள்ளுக்கு அருகில், சிறிய மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. எஞ்சினைப் பக்கவாட்டில் பார்த்தால் எவ்வாறு தோன்றுமோ, அவ்வாறு ஒரு சித்திரம் அதில் உண்டு. வண்டியோ வழக்கம்போல் இருந்தது. சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை, புகை இல்லை. விளக்கு மட்டும் அணையவில்லை.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மோட்டார் எஞ்சின் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். எத்தனையோ மாணவர்களுக்குத் தேர்வு வைத்திருக்கிறேன். அந்த விளக்கு எனக்கு ஒரு தேர்வு வைத்தது. முதல் முறை நான் தேறவில்லை என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் தொழில் பழகிய காலத்தில் சென்னைத் தெருக்களில் ஓடியவை அம்பாசடர், பியட், நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்கள். அவற்றுக்கு நோய் வந்தால் மெக்கானிக் காதைக்கொண்டு கண்டுபிடிப்பார். நீண்ட திருப்புளியின் ஒரு முனையை எஞ்சின்மேல் வைத்து, மறுமுனையை காதோடு அணைத்துக் கேட்பார். பிறகு பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்ப்பார். இளம் பழுப்பு நிறமாக இருந்தால் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. நாடி பிடிக்கும் வைத்தியரைப் போன்ற அந்தப் பெரியவர்களிடம் நான் கற்றவை பல. ஆனால், ஓடிக்கொண்டே தன் குறையைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும் எஞ்சினை அவர்கள் கண்டதில்லை. அது எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டு, என் கதைக்கு வருகிறேன்.

அதன் தொடக்கம் கார்த் தொழிற்சாலையில் இல்லை. ஒரு நகரத்து மக்களின் கண்ணெரிச்சலில் இருக்கிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்னும் நகரை 1940-களில் ஒரு பழுப்பு மூட்டம் அடிக்கடி மூடியது. கண் எரிந்தது, மூச்சுத் திணறியது, பயிர்கள் வாடின. அங்கே கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன அறிஞர் இருந்தார். ஹாலந்து நாட்டில் பிறந்தவர். அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் உண்டாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த அவர், அதே முறையில் ஊர்க் காற்றையும் ஆராயத் தொடங்கினார். கார்களின் புகையிலுள்ள எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கூடியே அந்த நச்சுமூட்டத்தை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் நிறுவினார். ஆலைகளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த ஊர், தன் வீட்டு வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தது.

கார்ப் புகையைச் சுத்தம் செய்யப் பின்னாளில் வந்த சாதனத்தைப் பட்டறைகளில் கன்வெர்ட்டர் என்பார்கள். தேன்கூடு போன்ற பீங்கான் துளைகளின்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களை மெல்லிய பூச்சாகப் படியவைத்து, அதைப் புகைக்குழாயின் நடுவே பொருத்தியிருப்பார்கள். நச்சுப் புகை அதற்குள் நுழைந்து, பெரும்பாலும் நீராவியும் கரியமில வாயுவும் நைட்ரஜனுமாக வெளியே வரும். ஆனால் இந்தக் கன்வெர்ட்டர் மிகவும் ஆசாரமானது. ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் கெட்டுப்போகும். ஆகையால்தான் 1995 ஏப்ரலில், நம் நகரம் உட்பட இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் வந்தபோது, ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமில்லாத பெட்ரோல்தான்.

கன்வெர்ட்டருக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒரு பங்கு எடை பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு எடை காற்று என்ற அளவில் கலவை இருந்தால்தான் அது முழுத் திறனோடு வேலை செய்யும். கார்புரேட்டரால் இத்தனை நுட்பமாக அளந்து கொடுக்க இயலாது. எனவே கார்புரேட்டர் போயிற்று, கணினி வந்தது. கணினி அளந்து கொடுக்க வேண்டுமானால் அதற்குக் கண்ணும் காதும் வேண்டும் அல்லவா? அவைதாம் சென்சார்கள். உள்ளே வரும் காற்றை அளக்க ஒன்று, எஞ்சினின் வெப்பத்தை அறிய ஒன்று, புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை முகர்ந்து சொல்ல ஒன்று என்று பல. இந்தக் கண்காதுகளில் எதற்கேனும் குறை நேர்ந்தாலும், புகை கெடும் அளவுக்கு எஞ்சினில் கோளாறு நேர்ந்தாலும், கணினி அதை ஒரு குறியெண்ணாகத் தன் நினைவில் எழுதிக்கொண்டு, மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது. 1996 முதல் அமெரிக்காவில் விற்பனையாகும் எல்லாக் கார்களுக்கும் ஒரே வகைக் குறியெண், ஒரே வகைச் செருகுவாய் என்று விதித்தார்கள். இந்தியாவில் 2010-க்குப் பின் இவ்வேற்பாடு படிப்படியாக வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து புதிய மோட்டார் சைக்கிள்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் அது கட்டாயம். ஆகவே கல்லூரி மாணவர்களே, உங்களில் பலருடைய வண்டியிலும் அந்த மஞ்சள் விளக்கு இருக்கிறது.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த விளக்கு முதலில் வண்டிக்காரருக்காக ஏற்பட்டதன்று; தெருவில் நடப்பவர்களுக்காக ஏற்பட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரம் தியாகராய நகரில் உஸ்மான் சாலையோரம் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பவரின் மூச்சுக்காக ஏற்பட்டது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, விளக்கு கிடக்கட்டும் என்று சொல்பவர்கள் இதை அறிய மாட்டார்கள்.

இனி என் கதை. மறுநாள் காலை காரை ஒரு பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அதன் பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு முனைச் செருகுவாயில் ஸ்கானரைச் செருகிப் படித்தார். பி 0171 என்று வந்தது.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது? முதலில் வரும் எழுத்து, குறை எந்தப் பகுதியில் என்பதைச் சொல்லும். எஞ்சின், கியர் ஆகியவற்றுக்கு ஓர் எழுத்து. வண்டிக்கூட்டுக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்தில் இவை வேறு வேறு எழுத்துக்கள். நம் மொழியில் எழுதினால் இரண்டுமே பி ஆகிவிடுகின்றன. வானொலியில் கேட்டாலும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். இன்று நான் சொல்லும் பி எல்லாம் எஞ்சினைச் சேர்ந்த பி என்று கொள்ளுங்கள். அடுத்த இலக்கம் பூஜ்யமானால், அது எல்லாக் கம்பெனிக் கார்களுக்கும் பொதுவான எண். ஒன்றானால், பெரும்பாலும் அந்தக் கம்பெனி தனக்கென்று வகுத்துக்கொண்டது. மூன்றாவது இடத்தில் 1 இருந்தால் காற்றையும் பெட்ரோலையும் அளப்பது பற்றியது. 3 இருந்தால் மின்பொறி பற்றியது. 4 இருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் சாதனங்கள் பற்றியது. கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பான செய்தி. பி 0171 என்றால், கலவை மெலிந்துவிட்டது, அதாவது காற்று மிகுதி அல்லது பெட்ரோல் குறைவு என்று பொருள்.

பழுதுபார்த்தவர், "ஆக்சிஜன் சென்சார் போயிருக்கும் சார், மாற்றிவிடலாம்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. புதிய சென்சாருக்கும் கூலிக்குமாக 4,200 ரூபாய் ஆயிற்று. ஸ்கானரில் ஒரு பொத்தானை அழுத்திக் குறியெண்ணை அழித்தார், விளக்கு அணைந்தது, மகிழ்ச்சியோடு வீடு வந்தேன். பதினோராம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. அதே எண். இம்முறை, பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டும் என்றார்கள். பம்பின் விலையைக் கேட்ட பிறகுதான் எனக்கு யோசனை பிறந்தது. மனிதருக்கு யோசனை பிறக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

என்னிடம் படித்த ஒருவர் தியாகராய நகரில் ஒரு சந்தில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் போனேன். வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்து, கேள்வி கேட்டால் சுவரைப் பார்ப்பவர் அவர். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, "எண்ணை அழிப்பதற்கு முன்னால், கூட இருந்த பதிவை எழுதி வைத்தீர்களா சார்?" என்றார். எந்தப் பதிவு என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கு நான் இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன்.

கணினி குறியெண்ணை மட்டும் எழுதுவதில்லையாம். குறை நேர்ந்த அந்தக் கணத்தில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்பதையும், புகைப்படம் பிடித்தாற்போலச் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். எஞ்சின் எத்தனை சுற்று, வண்டி எத்தனை வேகம், வெப்பம் எவ்வளவு என்பன அதில் இருக்கும். குறியெண்ணை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். நல்ல வேளையாக இரண்டாம் முறை யாரும் அழிக்கவில்லை. அவர் படித்துக் காட்டினார். வேகம் பூஜ்யம், சுற்று நிமிடத்துக்கு 760, வெப்பம் 92 டிகிரி. அதாவது, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், வண்டி எங்கோ ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது நேர்ந்த குறை அது.

அடுத்து அவர் பார்த்தது, கணினி எத்தனை சதவிகிதம் அதிகப் பெட்ரோல் கொடுத்துச் சரிக்கட்டுகிறது என்ற கணக்கை. நின்றவாறு ஓடும்போது 24 சதவிகிதம். ஆக்சிலேட்டரை மிதித்துச் சுற்றை 2,500-க்கு ஏற்றச் சொன்னார். எண் மெல்ல மெல்ல இறங்கி 5-க்கு வந்தது. "பம்பு இல்லை சார். ரப்பர் குழாய் எங்கேயோ விரிந்திருக்கிறது" என்றார்.

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலில் ஒருவர் நின்று உள்ளே வருகிறவர்களை எண்ணிச் சமையற்கட்டுக்குச் சொல்கிறார். அந்தக் கணக்குப்படி இலை போடுகிறார்கள், சமைக்கிறார்கள். பின்வாசல் வழியாக இருபது பேர் நுழைந்துவிட்டால் என்ன ஆகும்? பரிமாறுகிறவர் ஓடிவந்து, சாதம் போதவில்லை என்பார். என் காரில் முன்வாசலில் எண்ணுகிறவர், காற்று வடிகட்டியை அடுத்துள்ள காற்றளக்கும் சென்சார். பின்வாசல், அதற்கும் எஞ்சினுக்கும் இடையே ரப்பர் குழாயில் விழுந்த விரிசல். சாதம் போதவில்லை என்று சொன்னவர் ஆக்சிஜன் சென்சார். நான் 4,200 ரூபாய் செலவழித்து, உண்மையைச் சொன்ன பரிமாறுகிறவரை வேலையைவிட்டு நீக்கியிருக்கிறேன்!

சுற்றை ஏற்றியதும் கணக்கு ஏன் சரியாயிற்று என்று மாணவர்கள் கேட்பீர்கள். முன்வாசலில் ஐம்பது பேர் வரும்போது பின்வாசல் இருபது பேர் பெரிய தொல்லை. ஆயிரம் பேர் வரும்போது அந்த இருபது பேர் கணக்கிலேயே தெரியமாட்டார்கள். எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அது இழுக்கும் காற்று குறைவு. விரிசல் வழியே கசிவது அதில் பெரும்பங்கு. பம்பில் குறை இருந்திருந்தால் நேர்மாறாக நடந்திருக்கும். நின்றவாறு ஓடும்போது தேவையான சொற்பப் பெட்ரோலை நோயாளிப் பம்பும் கொடுத்துவிடும். பாரம் ஏறி, தேவை மிகும்போதுதான் தவிக்கும். ஒரே குறியெண்ணுக்கு இரண்டு காரணங்கள். அவற்றைப் பிரித்துக் காட்டியது ஒரு நிமிடச் சோதனை.

பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்று உள்ளே போகும் வழியில் ஒரு கருவியால் வெண்புகையைச் செலுத்தினார். குழாயின் அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்பிலிருந்து நூல் போலப் புகை எழுந்தது. எஞ்சின் சூட்டில் பல ஆண்டுகள் வெந்த ரப்பர், பழைய சைக்கிள் டியூபைப் போல விரிந்திருந்தது. புதுக் குழாய் 350 ரூபாய். கூலி வாங்க மறுத்துவிட்டார். "நீங்கள்தானே சார் சொல்லிக் கொடுத்தீர்கள், விளைவைப் பார்த்து ஒன்றை மாற்றாதே, காரணத்தைக் கண்டு மாற்று என்று?" என்றார். சொல்லியிருப்பேன். சொல்லிக் கொடுத்தவனே மறந்ததுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பின் பல மாலைகள் அந்தப் பட்டறையில் ஓர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? அங்கே கண்டவற்றுள் இரண்டொன்றைச் சொல்கிறேன்.

சித்திரை மாதத்தில், மாட வீதிப் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் மின்விசிறி ஓயாமல் சுழன்றுகொண்டே இருந்தது. குறியெண் பி 0118. ஸ்கானரில் எஞ்சினின் வெப்பத்தைப் பார்த்தால், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி! மயிலாப்பூரில், சித்திரையில், இமயமலை உச்சியின் குளிர். மாணவர்களுக்கு இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. வெப்பத்தை அறியும் அந்தச் சென்சார் ஒரு மின்தடை. சூடு ஏற ஏற அதன் தடை குறையும். குளிரக் குளிர அதிகமாகும். கம்பி அறுந்துவிட்டாலோ தடை எல்லையற்றதாகிவிடுகிறது. கணினிக்கு அறுந்த கம்பியைக் காணக் கண்ணில்லை. தன் அட்டவணையின் கடைசிக் குளிரைச் சொல்கிறது. எதை நம்புவது என்று தெரியாததால், எஞ்சின் வெந்துபோகாமல் இருக்கட்டும் என்று விசிறியையும் ஓடவிட்டு வைக்கிறது. பானட்டைத் திறந்து கம்பியைத் தொடர்ந்து போனோம். பெருச்சாளி கடித்திருந்தது. இரவில் தெருவோரம் நிறுத்தப்படும் கார்களின் கதகதப்பான எஞ்சினறை, மயிலாப்பூர்ப் பெருச்சாளிகளுக்குச் சத்திரம். சென்சாரை மாற்றியிருந்தால் விளக்கு அணைந்திருக்காது. இரண்டு அங்குலக் கம்பி போதுமானதாயிற்று.

இன்னொன்று, மின்பொறி தவறுவது. பி 0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். பிளக்கா, பொறி தரும் காயிலா, பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டரா, சிலிண்டரே தேய்ந்துவிட்டதா என்பதைக் குறியெண் சொல்லாது. என் மாணவர் எதையும் வாங்கவில்லை. இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார்; மூன்றாவதை இரண்டாவதில் மாட்டினார். வேறெதையும் தொடவில்லை. ஓட்டிப் பார்த்தபோது குறியெண் பி 0303 ஆயிற்று. குறை காயிலோடு கூடவே நடந்து போய்விட்டது! குற்றவாளி அகப்பட்டுக்கொண்டான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வைத்திரு என்று பௌதிகச் சோதனைக் கூடத்தில் உங்களுக்குச் சொல்வார்களே, அதே முறைதான்.

இந்த வகைக் கோளாற்றில் விளக்கு சில சமயம் கண்சிமிட்டும். நிலையாக எரியும் விளக்குக்கு அன்றோ மறுநாளோ பதில் சொல்லலாம். கண்சிமிட்டும் விளக்குக்கு உடனே சொல்ல வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய்க் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்பதே அதன் பொருள். அந்தச் சூட்டில் பீங்கான் உருகியும் போகும். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்திவிடுவது நல்லது.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்ததே, அதன் பிறகு அவரிடம் வந்த ஒரு காரைப் பற்றியும் சொன்னார். தண்ணீர் எஞ்சினுக்குள் போகவில்லை. ஆனால் பதினான்கு குறியெண்கள். பதினான்கு சாமான்களின் பட்டியலோடு அதன் சொந்தக்காரர் வேறெங்கோ போய் வந்திருந்தார். பதினான்கு பேர் ஒரே நாளில் நோயில் விழுந்தால், அவர்கள் குடித்த கிணறு ஒன்றா என்றுதானே பார்க்க வேண்டும்? பல சென்சார்களுக்குப் பொதுவான ஒரு தரைக் கம்பி, இணைப்பிலேயே பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. சுரண்டித் துடைத்து இறுக்கினார், அவ்வளவுதான். கடற்காற்று வீசும் பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் இந்தப் பச்சைக் களிம்புக்கு வெள்ளமே வேண்டியதில்லை.

இந்தச் செய்திகளையெல்லாம் வேடிக்கையாகவே கேட்டுக்கொண்டிருந்தேன், எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவரின் மகன் ஒரு நாள் காலையில் என் வாசலில் வந்து நிற்கும் வரையில். அவர் ஒரு வீட்டில் டிரைவராக வேலை செய்தவர். சொந்தமாக வாடகைக் கார் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பழைய கார் ஒன்று 3,25,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மனைவியின் நகைகளை அடகு வைத்தாயிற்று. பத்தாயிரம் முன்பணமும் கொடுத்தாயிற்று. காரை மந்தைவெளியில் வைத்துப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. எஞ்சின் சத்தமும் நன்றாகவே இருந்தது. சாவியைத் திருப்பினால் மஞ்சள் விளக்கு எரிகிறது, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைகிறது. இருக்க வேண்டிய முறை அதுதான். நான் அதற்குள் கைப்பேசியோடு இணையும் சிறிய கருவி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். செருகிப் பார்த்தேன். குறியெண் ஒன்றுமில்லை.

"நல்ல வண்டிதானே சார்?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன், கடைசியாக என் மாணவர் காட்டிக் கொடுத்த இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். குறியெண்களை அழித்த பின் வண்டி எத்தனை தூரம் ஓடியிருக்கிறது என்பதையும் கணினி கணக்கு வைத்திருக்கிறது. அங்கே 6 கிலோமீட்டர் என்று இருந்தது. கன்வெர்ட்டர் முதலியவற்றைக் கணினி தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் பட்டியலில், முடியவில்லை என்றே வந்தது. பாடம் நடத்தும் முன் பலகையைத் துடைத்து வைப்பதுபோல, யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள்.

இதில் குற்றம் உண்டென்று உடனே சொல்லிவிட முடியாது. நேர்மையாகப் பழுது பார்த்துவிட்டும் அழித்திருக்கலாம். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். விற்பவர் தம் ஆள் ஒருவரை உடன் அனுப்பிச் சம்மதித்தார். மந்தைவெளியிலிருந்து திரு. வி. க. பாலம் வழியாக அடையாறு, திருவான்மியூர், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை சீரான வேகத்தில் போய்த் திரும்பினோம். மாலையில் பார்த்தபோது, தற்காலிகக் குறிப்பாக ஓர் எண் எழுதப்பட்டிருந்தது: பி 0420. முதல் தடவையிலேயே கணினி விளக்கை ஏற்றுவதில்லை. மறுபடியும் ஒரு பயணத்தில் அதே குறையைக் கண்டால்தான் ஏற்றும். நம்மில் பலருக்கு இல்லாத நிதானம் அதற்கு உண்டு. மறுநாள் காலை அதே வழியில் புறப்பட்டோம். திரும்பும் வழியில், அடையாற்றைக் கடக்கும்போது பாலத்தின் நடுவிலேயே விளக்கு எரிந்தது. அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். பேசவில்லை.

பி 0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். தியாகராய நகருக்குக் கொண்டுபோனோம். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னதன் மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் உயிரோடு இருந்தால் பின்னதன் அளவு அமைதியாக நிற்கும். இந்தக் காரில் பின்னதும் முன்னதைப் போலவே குதித்தது. புகைக்குழாயில் கசிவு உண்டா என்று பார்த்தார், இல்லை. பிறகு, யாரும் கேட்காமலேயே நான்கு பிளக்குகளையும் கழற்றினார். மூன்றாவதில் ஆயில் படிந்திருந்தது. பழைய காலத்துப் பெரியவர்கள் பார்த்த அதே நுனி. எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. அந்த ஆயிலின் எரிச்சாம்பல்தான் கன்வெர்ட்டரைக் கொன்றிருக்கிறது. புதுக் கன்வெர்ட்டர் போட்டாலும் சில காலத்தில் அதற்கும் இதே கதி. எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டிய வண்டி.

"வாங்கலாமா, வேண்டாமா சார்?" என்று கேட்டார் அந்த இளைஞர். எந்தெந்தச் செலவு எவ்வளவு ஆகலாம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். முடிவு அவருடையது; நகை அவர் வீட்டு நகை. அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். முன்பணத்தில் ஏழாயிரம் திரும்பி வந்தது. மூவாயிரம் வரவில்லை. எப்படியும் வாங்கித் தருகிறேன் என்று நான் போய்ப் பேசியதும் பயன்படவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஹாரன் ஒலித்தது. வேறொரு கார், நிறம் மங்கல், பின்பக்கத்தில் ஒரு நசுங்கல். இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள், கதவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த செருகுவாயின் மூடியை அவரே கழற்றி வைத்துவிட்டார்.

"விளக்கை அப்புறம் பார்க்கலாம் சார், முதலில் அந்தக் கிலோமீட்டரைப் பாருங்கள்."

பார்த்தேன். 8,412 என்று இருந்தது.